‘வாங்க’ என்று சொல்லாத ஞாயிற்றுக்கிழமை

களைத்துப்போன மனிதன் கையில் தத்துவத்தைக் கொடுக்கக் கூடாது. அதிலும் அவன் கையில் ஏற்கெனவே செல்போன் இருந்தால் கொடுக்கவே கூடாது. பட்டவன் சொல்கிறேன்.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மனைவியும் பிள்ளைகளும் போடியில். வாரம் முழுக்க நானும் குவார்ட்டர்ஸும். தனியாகக் கிடக்கிறானே என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். துணைக்குச் செல்போனில் குரூப்புகள் இருந்தன. ஏலக்காய் விலைக்கு ஒன்று, ஜீப்பு டிரைவர்களுக்கு ஒன்று, பத்தாம் வகுப்பில் கூடப் படித்தவர்களுக்கு ஒன்று (படிக்காதவர்கள்தான் அதில் அதிகம் பேசுவார்கள்), எல்லாவற்றுக்கும் மேலே குடும்பக் குரூப்பு. கண் விழிப்பதற்குள் ரோஜாப்பூ படங்கள் வந்து குவிந்திருக்கும். ஒவ்வொரு பூவுக்கும் கும்பிடு போட்டு முடிப்பதற்குள் தோட்டத்துக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். போடாவிட்டால் சித்தப்பா போன் செய்து, "ஏப்பா, ஒடம்புக்கு என்ன?" என்பார்.

அப்படி அலுத்துக் கிடந்தபோதுதான் ஜப்பான் என்னைக் கண்டுபிடித்தது. ஏதோ ஒரு வீடியோவில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மெதுவாகப் பேசினார். 'இச்சிகோ இச்சியே' என்றார். ஒரு சந்திப்பு ஒரு முறைதான். அதே ஆளை நாளைக்குப் பார்த்தாலும் அது வேறு சந்திப்பு. பிறகு 'மா' என்றார். இரண்டு சத்தங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியாம்; அதை அவசரப்பட்டு நிரப்பக் கூடாதாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதில் போடாமல் இருப்பதற்கு இவ்வளவு மரியாதையான பெயர் இருக்கிறது என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஆன்லைனில் மௌனக் கூடல் நடத்தினார். எங்கெங்கோ இருக்கிறவர்கள் கேமராவையும் மைக்கையும் திறந்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் வீட்டுக் குக்கர் விசில், இன்னொருவர் வீட்டுக் காக்கை, என் பக்கம் ஏலச்செடியில் மழை. யாரும் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார்கள். சிரிக்காதீர்கள், அந்த முகங்களோடு எனக்கு உண்மையிலேயே பாசம் வந்துவிட்டது. திரையின் மூலையில் தெரிகிற பெரியவர் ஒருவர் ஒரு வாரம் வராதபோது மனசு அடித்துக்கொண்டது. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் என் தங்கச்சி செல்வி குடும்பக் குரூப்பில் எழுதினாள்: "அண்ணே, பாப்பாவுக்குக் காது குத்தணும். ஒனக்கு எந்த ஞாயிறு தோதுன்னு சொல்லு." கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். கூடப் பிறந்த மாமன் நான் ஒருவன்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நிறைந்த நெஞ்சோடு ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிடுவதா? வாழ்க்கையில் ஒரே முறை வருகிற விஷயமல்லவா? இடைவெளி விட்டு, நேரில் போய், பிள்ளையைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்வது என்று முடிவு செய்தேன். (அது காய் எடுக்கிற சமயம், லீவு கிடைக்காது. அதை ஜப்பானியர்கள் யோசித்திருக்கவில்லை.)

நான் படித்துவிட்டேன் என்று ப்ளூ டிக் காட்டிக்கொடுத்தது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் பேசாமல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: முறுக்கிக்கொண்டார். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் போனில் கேட்டதற்குத்தான் கோபம் என்று சிலமலையில் தங்கச்சி வீட்டார் தீர்மானித்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மௌனம் பாதிக்கு மேல் ஓடியிருந்தது. வாசலில் ஜீப்பு வந்து நின்றது. தாம்பூலத் தட்டும் கையுமாக, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, செல்வியின் வீட்டுக்காரர் முருகேசன் நின்றார்.

"மச்சான்…" என்றார்.

போனைத் திரும்பிப் பார்த்தேன். மைக் திறந்திருக்கிறது. நான் வாயைத் திறந்தால் அத்தனை பேருடைய மௌனமும் கெட்டுவிடும். ஆகவே கண்களைப் பாதி மூடி, முகத்தில் சாந்தத்தை வரவழைத்து, வலது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினேன். 'கொஞ்சம் பொறுங்கள் மாப்பிள்ளை' என்று அர்த்தம். அதாவது, எனக்கு.

"போன்ல கேட்டது தப்புத்தான் மச்சான். அதான் மொறையா அழைக்க வந்திருக்கேன்."

நான் இன்னும் சாந்தமானேன். கையை இறக்கவில்லை.

"ஒங்க தங்கச்சி அங்க அழுதுக்கிட்டுக் கெடக்கா. வாங்கன்னு ஒரு வார்த்தை வரலையா ஒங்களுக்கு?"

தீராத பகையாளி வாசலுக்கு வந்தாலும் 'வாங்க' என்று சொல்லிவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிக்கிற ஊர் எங்களுடையது. மாப்பிள்ளை தட்டைத் தரையில் வைத்தார். ஜீப்பு இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. (எழுந்து ஓடியிருக்கலாமே என்பீர்கள். கூடல் முடியக் கொஞ்ச நேரம்தான் பாக்கி இருந்தது. முடித்துவிட்டு விளக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவ்வளவு புத்திசாலி.)

கூடல் முடிந்ததும் அவரவர் காதில் விழுந்ததை எழுத வேண்டும். ஒருவர் எழுதியிருந்தார்: "மழை. யாரோ வந்தார். யாரோ போனார். அழகு." அதற்கு நானும் ஒரு கும்பிடு போட்டேன்.

பிறகு செல்விக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மாப்பிள்ளையும் எடுக்கவில்லை. மறுநாள் குடும்பக் குரூப்பில் ஒரு ரோஜாப்பூகூட வரவில்லை. அந்த இடைவெளியில் எனக்கு எந்த அழகும் தெரியவில்லை. மனைவி மட்டும் கூப்பிட்டாள். நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"போன்ல தெரியிற மூஞ்சிகளுக்கு அம்புட்டு மரியாதை, வாசல்ல நனைஞ்சு நிக்கிற மனுசனுக்கு இல்லியா? மத்த சோலியெல்லாம் கெடக்கட்டும், வெரசா சிலமலைக்குப் போங்க."

போனேன். காலில் விழுவதற்கும் தயாராகத்தான் போனேன். மாப்பிள்ளை, "வாங்க மச்சான், வாங்க" என்று வாய் நிறையச் சொல்லி, காபி கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம் சொன்னார்: "ஒங்க பெரியப்பா மகன் பாண்டிக்கு வெத்தல பாக்கு வச்சாச்சு மச்சான். இனிமே மாத்துனா அவரு மொகத்துல எப்பிடி முழிக்கிறது?" நியாயம்தான். செல்வி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

ராசிங்காபுரம் பக்கத்தில் குலசாமி கோயிலில் காதுகுத்து நடந்தது. பிள்ளை பாண்டியின் மடியில். போனால் போகிறதென்று எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள்: எதிரே நின்று கிலுகிலுப்பை ஆட்டிப் பிள்ளைக்குப் பராக்குக் காட்ட வேண்டும். உயிரைக் கொடுத்து ஆட்டினேன். பிள்ளை என் முகத்தையே பார்த்துச் சிரித்தது. அந்த நேரம் பார்த்து ஆசாரி குத்தினார். குத்தியது நான்தான் என்று பிள்ளை முடிவு கட்டிவிட்டது. அப்புறம் வெகுநாள் என்னைக் கண்டாலே காதைப் பொத்திக்கொண்டு அழும். அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துத்தான் செல்விக்கு என் மேலிருந்த கோபம் போனது.

கூடலை விட்டுவிட்டேன். குரூப்புகளையும் அலுப்பையும் விட முடியவில்லை. என் ஜப்பான் கதை சொந்தபந்தமெல்லாம் பரவிவிட்டதால், எந்த விசேஷத்துக்குப் போனாலும் "ஜப்பான் வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பந்தியில் இலை போடுகிறார்கள்.

பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம் வீடியோவில் கூப்பிட்டபோது, காதுகுத்துப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தன் அம்மாவிடம் கேட்டாள்: "மடியில வச்சிருக்கது பாண்டி மாமா. கிலுகிலுப்பையோட நிக்கிறது யாரும்மா?"

"அவரா? அவரு ஜப்பான்ல இருந்து வந்தவருடி," என்றாள் செல்வி. அங்கே வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பாப்பா மட்டும் சிரிக்கவில்லை. படத்தையும் என்னையும் மாறி மாறி உற்றுப் பார்த்துவிட்டு, கேமராவுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து கேட்டாள்: "ஏன் மாமா, ஜப்பான்ல யாருக்கும் மடி இருக்காதா?"

"மாமா, லைன்ல இருக்கீங்களா?" என்று அவள் கத்திக்கொண்டே இருந்தாள்.