கழுத்துக்கு மேலே மட்டும் தடிமன்

உடம்பு விஷயத்தில் நான் எடுத்த முடிவுகளில் உருப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அதுவும் மூக்கடைப்போடு எடுத்தது.

சுமதியின் ஜாதகம் எனக்குப் பொருந்திவிட்டது. அவளுடைய அப்பாவுக்குத்தான் நான் இன்னும் பொருந்தவில்லை. கோயில் தர்மகர்த்தா, முட்டைகூடத் தொடாத சைவம். (மஹய்யாவையில் எங்கள் வீட்டு அடுப்பில் மீன் ஏறாத நாள் அபூர்வம். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.) "பையன் சோம்பேறியான்னு பார்க்கணும். வெள்ளிக்கிழமை காலையில என்கூட வாவியைச் சுத்தி நடக்க வரச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

வியாழக்கிழமையே தடிமன் பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. போகலாமா என்று நர்ஸ் வேலை பார்க்கும் அக்காவிடம் கேட்டேன்.

"காய்ச்சல் இல்லாம மூக்கோட நின்னா மெதுவா நடக்கலாம். நெஞ்சுக்கு இறங்கிட்டா பேசாம படுத்துக்கணும். கழுத்துதான் எல்லை."

எனக்குத் தொண்டையும் கரகரத்தது. தொண்டை எல்லைக்கு மேலா கீழா என்று கண்ணாடி முன்னால் நின்று விரலால் அளந்தேன். சுமதியை நினைத்ததும் அது மேலே ஏறிவிட்டது.

விடிந்ததும், அக்கா வறுத்த ஓமத்தை வேட்டித் துணியில் கிழியாகக் கட்டி அடுப்படியில் வைத்திருந்தாள். முகர்ந்துகொண்டே நடக்க வேண்டுமாம். கையில் கிடைத்த கிழியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வாவிக்கரையில் மாமா (கல்யாணப் பேச்சுக்கால் முடியுமுன்பே சுமதியின் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிட்டேன்) விறுவிறுவென்று நடந்தார். நான் நாலு எட்டுக்கு ஒருதரம் கிழியை உறிஞ்சினேன். ஒரு வாசமும் தெரியவில்லை. பாதிச் சுற்று முடிவதற்குள் மூன்று நாய்கள் என் பின்னாலேயே வந்தன. "வாயில்லா ஜீவனெல்லாம் உங்கள நம்புதே தம்பி" என்றார் மாமா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது அவர் தும்மினார். வருங்கால மருமகன் சும்மா இருக்கலாமா?

"இதை நல்லா இழுத்து மோந்து பாருங்க மாமா. அக்கா கட்டிக் குடுத்தது."

இழுத்தார். அப்படியே நின்றுவிட்டார். மெதுவாக முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இடித்த மாசிக்கருவாடு. சிதறாமல் இருக்க அக்கா அதைத் துணியில் கட்டித்தான் இடிப்பாள். ஓமக்கிழி வீட்டிலேயே கிடக்க, வெள்ளிக்கிழமை காலையில் தர்மகர்த்தாவின் மூக்கில் கருவாட்டை வைத்து அமுக்கியிருக்கிறேன். சுமதி கைவிட்டுப் போனாள் என்றே நினைத்தேன்.

மாமா முன்னும் பின்னும் பார்த்தார்.

"தம்பி, இது அக்குறணையில வாங்கினதா?"

"ஆ... ஆமா மாமா."

"நினைச்சேன். டவுன் கடையில இந்த வாசம் வராது." கிழியைத் திரும்பக் கட்டித் தன் சட்டைப்பைக்குள் வைத்தார். "வீட்டுல தெரிய வேணாம்."

முதல் அதிர்ச்சியே இறங்காத எனக்கு இது இரண்டாவது. மீதிச் சுற்றை எப்படி நடந்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை.

கல்யாணமாகி எட்டு வருஷம். மாமாவுக்கு மாதம் ஒருமுறை தடிமன் வரும், நான் 'ஓமக்கிழி' கொண்டுபோவேன். "எங்க அப்பாவுக்கு மருமகனைக் கண்டாலே தும்மல்" என்று சுமதி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

போன வாரம் அத்தை எனக்குப் போன் எடுத்தார். மாமாவின் மனைவி, அவரை விடக் கடுமையான சைவம். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"மாப்பிள்ளை, எனக்கும் ரெண்டு நாளா லேசா தடிமன். மாமாவுக்குக் கொண்டு வர்ற அதே ஓமம் போதும். அவருக்குத் தெரிய வேணாம்."