சைக்கிள் ஸ்டாண்டு கிளைமாக்ஸ்

தமிழ்ப் படங்களுக்கு முடிவு எழுதிப் பிழைத்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அவர்கள் எல்லாரும் சேர்ந்து எழுதியதைவிட அதிக முடிவுகளைத் தனி ஆளாகச் சொன்னவர் ஒருவர் உண்டு. கோடம்பாக்கத்தை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. மலேசியாவில் கிள்ளானில், செட்டியார் தியேட்டர் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தார்.

பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, ஊருக்குத் தெரியாது. ரோந்து வரும் போலீஸ்காரர்கூட 'கிளைமாக்ஸ்' என்றுதான் கூப்பிடுவார். நீங்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் அவரிடம் விடுவீர்கள். அவர் வாங்கி ஸ்டாண்டு போட்டு, பெல்லை ஒரு தடவை அடித்துப் பார்த்து, "போய்ப் பாருங்க. கடைசியில தங்கச்சி செத்துரும்" என்பார். நீங்கள் இன்னும் டிக்கெட்டே எடுத்திருக்க மாட்டீர்கள்.

விவரம் தெரிந்தவர்கள் சைக்கிளை அவர் கையில் தள்ளிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் கவுண்டர் வரை போவார்கள். அப்படியும் அவர் விடுவதில்லை. இரண்டு கையையும் கழுத்தில் வைத்து நெறித்துக் காட்டி, தூரத்திலிருந்தே முடிவைப் புரியவைத்துவிடுவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்ன முடிவு படத்தில் இருக்காது. ஒரு தடவை லோரி ஓட்டுநர் ஒருவர், ஆள் ஆறடி, படம் விட்டு வந்ததும் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"யோவ், அண்ணனும் தம்பியும் கட்டிப்புடிச்சுக்கிட்டு சாவாங்கன்னு சொன்ன. ரெண்டு பேரும் கல்யாணம் கட்டிக்கிட்டு காருல போறானுங்க. மூணு மணி நேரமா அழ ரெடியா உக்காந்திருந்தேன்லா."

கிளைமாக்ஸ் நிதானமாகச் சட்டையை விடுவித்துக்கொண்டார்.

"நடக்கலையா?"

"நடக்கலை."

"நடந்திருக்கணும். நடக்கலைன்னா அது டைரக்டர் தப்பு. அதுக்கு நான் என்ன செய்யறது?"

லோரிக்காரர் அவர் சட்டைக் காலரை நீவிவிட்டார். பிறகு, "செத்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்று ஒப்புக்கொண்டு போனார்.

ஸ்டாண்டை அவர் நடத்திய விதமே தனி. டோக்கன் கிடையாது, சாக்பீஸ் நம்பர் கிடையாது. எல்லாம் முகம்தான். உங்கள் முகத்தைப் பார்த்ததும் கை தானாக உங்கள் சைக்கிளுக்குப் போகும். எந்தக் குடும்பத்துக்கும் எந்தக் குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லையோ அந்த இரண்டு வீட்டு வண்டிகளும் இரண்டு கோடியில் நிற்கும். சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் வீடுகளின் வண்டிகள் ஹேண்டில்பார் உரசிக்கொண்டு நிற்கும். பிரேக் சரியில்லாத வண்டியைத் திருப்பிக் கொடுக்கவே மாட்டார். "இதுல ஏறி மேம்பாலத்துல எறங்குவீங்க, நாளைக்கு உங்க சம்சாரம் வந்து என்னைக் கேக்கும்" என்று சொல்லி, அவரே ஸ்குரூ முடுக்கிய பிறகுதான் விடுவார். எங்கள் கம்பெனி மேனேஜரையே அப்படிக் கால் மணி நேரம் வெயிலில் நிறுத்தியிருக்கிறார். நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் அப்போது கிராணி, அதாவது குமாஸ்தா. மேனேஜர் வெயிலில் நின்றதைப் பார்த்ததில் நான் அடைந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு நாள் தெருவோர ஒட்டுக்கடையில் அவரோடு தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஏண்ணே, படத்துல இல்லாத முடிவா சொல்றீங்களே, எதுக்கு?"

"எனக்கு எப்படித் தம்பி தெரியும் படத்துல என்ன இருக்குன்னு?"

பக்கவாட்டுக் கதவின் திரையை விலக்கிக்கொண்டு அவர் எல்லாப் படமும் பார்ப்பார். ஆனால் முடிவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வெளியே வந்துவிட வேண்டும். கூட்டம் மொத்தமாக வந்து விழும்போது ஸ்டாண்டில் ஆள் இல்லாமல் முடியாது. இருபது வருடமாக ஒரு படத்துக்குக்கூட அவர் முடிவு பார்த்ததில்லை. சைக்கிள்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, உள்ளே என்ன நடக்கும் என்று தானே யோசித்து முடித்துக்கொள்வாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. எனக்குத்தான் இருந்தது.

அப்புறம் வீடியோ வந்தது. எண்பதுகளின் நடுவில் கிள்ளானில் தெருவுக்கு ஒரு கேசட் கடை. தியேட்டரில் படப் பெட்டி இறங்குவதற்குள் திருட்டு டேப் ரப்பர் தோட்டம்வரை போய்ச் சேர்ந்துவிடும். பெரிய செட்டியார் கட்டிய தியேட்டர் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்ட லோரிகள் வரிசையாக வந்து ஜனங்களை இறக்கிய இடம். வெள்ளத்தின்போது ஆற்றோரக் குடும்பங்கள் பாய் விரித்துப் படுத்த இடம். அந்த மண்டபத்தில் இப்போது விசிறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பெரியவர் காலமானதும், மகன் சின்ன செட்டியார் அதை ஒரு பர்னிச்சர் கடைக்கு விற்கப்போகிறார் என்று செய்தி வந்தது.

ஊர் கூடியது. குழு அமைத்தோம். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் தலைவர். கூட்டத்தில் சத்தம் அதிகமானால் பழைய விசிலை எடுத்து ஊதுவார். நான் செயலாளர். முதல் மூன்று கூட்டங்களிலும் பேனரில் யார் பெயர் எங்கே வருவது என்று பேசினோம். நான்காவது கூட்டத்தில்தான் தியேட்டரைப் பற்றிப் பேச்சு வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு சின்ன செட்டியாரிடம் போனோம்.

அவர் கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"இத்தனை பேர் கையெழுத்து போட்டிருக்கீங்க. இதுல பாதிப் பேர் படம் பாக்க வந்திருந்தா நான் ஏன் விக்கறேன்?"

தலைவர் கையெழுத்துத் தாள்களை மடிக்க ஆரம்பித்தார்.

"சரி, ஒண்ணு செய்ங்க. வர்ற ஞாயித்துக்கெழமை மூணு மணி ஆட்டம். ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒரு சீட்டும் காலியா இருக்கக் கூடாது. நானே வந்து நின்னு பாப்பேன். நெறஞ்சுதுன்னா பர்னிச்சர்காரன வேற எடம் பாக்கச் சொல்றேன். ஒண்ணு காலின்னாலும் இந்தப் பேச்ச விட்டுடுங்க."

வெளியே வந்து கிளைமாக்ஸிடம் சொன்னேன். அவர் ஒரு சைக்கிளின் சீட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பர்னிச்சர் கடைக்கு யாரு தம்பி சைக்கிள்ல வருவா? அலமாரிய கேரியர்ல கட்டிக்கிட்டா போவாங்க?" என்றார். துடைத்த சீட்டையே மறுபடியும் துடைத்தார்.

அந்த வாரம் ஓடிய படம் ஒரு அம்மாவையும் மூன்று பிள்ளைகளையும் பற்றியது. திங்கட்கிழமை தலைவர் மைக் பிடித்து ஒரு மணி நேரம் பேசினார். ஆட்டத்துக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர். அதில் எட்டுப் பேர் குழு உறுப்பினர்கள். கேட்டால், "டேப்புல பாத்தாச்சுலா" என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒட்டுக்கடையில் ஒருவர் சலித்துக்கொண்டார். "என்ன டேப்பு போடறானுங்க? முன்னால அவன் கடை விளம்பரம், அஞ்சாறு பாட்டு. அதெல்லாம் ஓடி, கடைசியில அந்த அம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாங்க, டேப்பு தீந்து போச்சு."

கிளைமாக்ஸ் கையிலிருந்த ரொட்டி சானாயைக் கீழே வைத்தார். "எல்லா டேப்பும் அப்படியா?" என்று கேட்டார். எல்லா டேப்பும் அப்படித்தான். ஒன்றிலிருந்து எடுத்ததுதானே மற்றதெல்லாம். அவர் ரொட்டியைப் பாதியில் விட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூன்று மணி ஆட்டத்துக்குத்தான் ஸ்டாண்டில் வேலை. காலை முழுக்க அவர் ஊர் சுற்றினார். பாசாரில் மீன் வாங்கும் பெண்களிடம், மூத்த பிள்ளை ஜெயிலுக்குப் போகிறான் என்றார். ரயில்வே குவாட்டர்ஸில், டாக்டராக வருவதே காணாமல்போன நடுப்பிள்ளைதான் என்றார். துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்குகிறவர்களிடம், அப்பா சாகவே இல்லை, வில்லனே அவர்தான் என்றார். காப்பார் ரோட்டில் ஒரு தோட்டத்துக்கும் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

புதன்கிழமை ஊர் கொதித்தது. பாசாருக்கு வந்த ரயில்வே குவாட்டர்ஸ் பெண்ணும் மீன் வாங்கிய பெண்ணும் எது உண்மையான முடிவு என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். என் ஆபீஸில் இரண்டு கிராணிகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு மச்சான் சொன்ன முடிவை இன்னொரு மச்சான் நம்பாமல், மாமியார் வீட்டில் ஒரு விருந்தே கெட்டது. திங்கட்கிழமை பார்த்த பன்னிரண்டு பேர் சொன்னதையும் யாரும் நம்பவில்லை. உண்மை தெரிய வேண்டுமென்றால் ஊரில் ஒரே இடம்தான் உண்டு. எல்லாரும் ஓய்வாக இருக்கும் நாளும் ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமை.

அன்று தெங்கு கிளானா சாலை வரை வண்டிகள் நின்றன. தோட்டத்து லோரி ஒன்று, பல வருடத்துக்குப் பிறகு, வந்து ஆட்களை இறக்கியது. ஸ்டாண்டில் கிளைமாக்ஸால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. நானும் கூட நின்றேன். டிக்கெட் தீர்ந்து கதவு சாத்தும் நேரத்தில் தலைவர் விசிலை ஊதிக்கொண்டே வெளியே ஓடி வந்தார்.

"ஒரு சீட்டு காலி. டிக்கெட் வாங்கின எவனோ வரலை. சின்ன செட்டியார் டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டிருக்காரு. ஒரு ஆள் வேணும், இப்பவே."

வாசலில் நாங்கள் இருவர்தான். என்னைப் பிடித்து இழுத்தார் தலைவர். நான் கிளைமாக்ஸைப் பிடித்துத் தள்ளினேன்.

"நீங்க போங்கண்ணே. நான் பாத்துக்கறேன்."

"ஒனக்கு யார் வண்டி எதுன்னு தெரியுமா?"

"தெரியாது. போங்க."

"பத்து நிமிஷம் முன்னாடி நான் எந்திரிச்சு வரணும் தம்பி."

"எந்திரிச்சா சீட்டு காலி. காலின்னா பர்னிச்சர் கடை."

அவர் என்னைப் பார்த்தார், சைக்கிள்களைப் பார்த்தார், காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

மூன்று மணி நேரம் கழித்து நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கம். கதவு திறந்ததும் மொத்தக் கூட்டமும் என் மேல் வந்து விழுந்தது. எல்லாரும் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். முகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? "அவங்கவங்க வண்டிய அவங்கவங்க எடுத்துக்குங்க" என்று கத்தினேன். ஒன்று விடாமல் எல்லாம் மாறிப்போனது. கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டர்கூட யாருடைய மோட்டார் சைக்கிளிலோ பெருமையாகப் போனார். அன்று பிரிந்த வண்டிகள் சரியான வீடு போய்ச் சேர ஒரு மாதம் பிடித்தது.

சின்ன செட்டியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். நேராக என்னிடம் வந்து, "அந்த அம்மா பொழச்சுக்கிட்டாங்க. என் வீட்டு டிரைவர் செத்துட்டாங்கன்னுல்ல சொன்னான்" என்றார். அவரும் டேப்பில்தான் பார்த்திருக்கிறார். காரில் ஏறும் முன் தலைவரிடம், "பர்னிச்சர்காரனுக்கு நாளைக்குப் போன் பண்றேன்" என்றார். தலைவர் ஊதுவதற்கு விசிலைப் பையில் தேடினார், அது நெரிசலில் எங்கோ விழுந்திருந்தது. குழுவில் எல்லாரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம். பேனரில் பெயர் வராதவர்கள்கூட.

கிளைமாக்ஸ் கடைசியாக வந்தார். வெற்று ஸ்டாண்டைப் பார்த்தும் என்னைத் திட்டவில்லை.

"தியேட்டர் தப்பிச்சுதுண்ணே," என்றேன். "படம் எப்படி?"

"அந்தம்மா சாகல தம்பி."

"அதான் ஊருக்கே தெரியுமே."

"ஊருக்குத் தெரியும். தோட்டத்துல ஒரு அம்மாவுக்குத் தெரியாது. பால்மரம் வெட்டப் போயி கால் ஒடஞ்சு, கட்டுப் போட்டுப் படுத்திருக்கு. ஜன்னலு வழியா கேட்டுச்சு, முடிவு என்னன்னு. படத்து அம்மா ஆஸ்பத்திரியிலயே செத்துருச்சுன்னு சொல்லிட்டேன். அது அழுதுச்சு. லோரில ஏறி வர முடியாத ஆளுகிட்டப் போயி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"நாளைக்குச் சொல்லிக்கலாம்ணே."

"இன்னிக்கு ராத்திரியும் அழுவும்லா."

தன் சைக்கிளைத் தேடினார். அதையும் நான் யாருக்கோ கொடுத்திருந்தேன். ஸ்டாண்டில் மிச்சம் இருந்தது ஒரு லேடீஸ் சைக்கிள், முன்னால் பூப்போட்ட கூடையோடு. அதன் பிரேக்கை அழுத்திப் பார்த்தார், பெல்லை ஒரு தடவை அடித்தார், ஏறி உட்கார்ந்து காப்பார் ரோட்டுப் பக்கம் மிதிக்க ஆரம்பித்தார். வெயில் தாழ்ந்திருந்தது. பத்து மைல் தூரம்.

தியேட்டர் அதற்குப் பிறகும் சில வருடங்கள் ஓடியது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வாரம் முழுக்க குழுவோடு நான் அலைந்தது, தியேட்டரோடு சேர்ந்து இந்த மனிதரும் எங்கள் ஊரைவிட்டுப் போய்விடக் கூடாது என்றுதான்.