ரிஜக்ட்டும் நெட்டைக் கிளாஸும்

சுங்குவார்சத்திரத்தில் ரிஜக்ட்டு கண்ணில் பட்டுத் தப்பித்த பொருள் எதுவும் கிடையாது. என் வடை உட்பட.

நான் டீக்கடைக்காரன். அவர் ஒரகடம் பக்கம் பிளாஸ்டிக் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிறவர். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. யாருக்கும் தெரியாது; ஊருக்கு அவர் ரிஜக்ட்டுதான். இப்போது ஓசூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

ஷிப்ட் முடிந்து வந்ததும் வடையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்.

"அண்ணாச்சி, ஓட்டை நடுவுல இல்லியே. ரிஜக்ட்டு."

"வாய்ல போற வடைக்கு நடு இன்னா, ஓரம் இன்னா சார்?"

ரிஜக்ட் ஆனதைத் தின்றுவிட்டு அடுத்ததை எடுப்பார். அதுவும் ரிஜக்ட். பசி அடங்கும் வரை என் வடை எதுவும் தேறாது.

ஒரு நாள் பஸ்ஸின் பெயர்ப்பலகை கோணலாக இருக்கிறது என்று கண்டக்டரைக் கூப்பிட்டுச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. அவர் ஏற வேண்டிய பஸ்.

இதோடு நின்றிருந்தால் சரி. மகள் கனிக்கு ஐந்து வயது முடிந்ததும் அவளையும் அளக்க ஆரம்பித்தார்.

என் கடையில்தான் சோதனை. ஒரே மாதிரி இரண்டு கிளாஸில் சமமாகப் பால். சமம் என்று கனி ஒப்புக்கொள்வாள். பிறகு ஒன்றை மட்டும் அவள் கண்ணெதிரே ஒல்லியான நெட்டைக் கிளாஸுக்கு மாற்றுவார்.

"ஏட்டி, இப்ப எதுல நெறைய இருக்கு?"

"நெட்டைல."

திருப்பி ஊற்றுவார். "இப்ப?"

"ரெண்டும் ஒண்ணு."

மறுபடி நெட்டையில். "இப்ப?"

"நெட்டைலதாம்பா! இன்னாப்பா நீ, கண்ணு தெர்லயா?"

ரிஜக்ட்டு என்னைப் பார்த்தார். "தப்பாச் சொன்னாக்கூடப் பரவால்ல அண்ணாச்சி. மெட்ராஸ் பாஷைல சொல்லுதாளே!"

தெருவில் அவள் வயதுப் பிள்ளைகளையெல்லாம் பிடித்து வந்தார். எல்லா ஓட்டும் நெட்டைக்கே. பெரிய பையன் ஒருவன் மட்டும், "அதே பால்தான அங்கிள்" என்று சிரித்தான்.

"மொத்த பேட்சும் ஃபெயிலு!" என்று ரிஜக்ட்டு அறிவித்தார். மற்ற அப்பன்மார் முறைத்தார்கள்.

ஜூனில் கனி ஒன்றாம் வகுப்புக்குப் போக வேண்டும். "இன்னொரு வருசம் யுகேஜிலயே இருக்கட்டும். ரீவொர்க்" என்றுவிட்டார். குறையுள்ள பாகத்தைத் திருப்பி அனுப்பிச் சரிசெய்வதற்குக் கம்பெனியில் அப்படித்தான் பேர். கூட்டாளிகள் எல்லாம் ஒன்றாவது, கனி மட்டும் பழைய பெஞ்சு. அவள் அழுதது என் அடுப்படி வரை கேட்டது.

அவருக்கும் மனசு கேட்கவில்லை. கடைசி வாய்ப்பு என்று தினமும் பயிற்சி கொடுத்தார். ஒரு சாயங்காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூட்டி வந்தார். நெட்டைக் கிளாஸில் பாலை ஊற்றினார்.

"ரெண்டும் ஒண்ணுதான்!" என்றாள் கனி.

கடையே கைதட்டியது. ரிஜக்ட்டு எல்லாருக்கும் டீ சொன்னார்.

லாரி டிரைவர் ஒருவர் தான் குடித்துக் கவிழ்த்த காலிக் கிளாஸை நிமிர்த்தி, ஒரு முழு டீக்குப் பக்கத்தில் வைத்தார். "பாப்பா, இது?"

"ரெண்டும் ஒண்ணுதான்!"

கடை சிரித்தது. கனி அப்பா முகத்தைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

அப்போது ரிஜக்ட்டின் மனைவி செல்வி உள்ளே வந்தாள். அதே கம்பெனியில், பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் மெஷினில் வேலை. யூனிபாரம்கூட மாற்றவில்லை.

"ஏங்க, மெஷின்லருந்து விழுந்த பீஸை உடனே அளப்பியளா?"

"எப்படி அளக்க? சூடா இருக்கும்லா. ஆறி, சுருங்கி நின்னாத்தான் அளவு தெரியும்."

"முன்னாடியே அளந்தா?"

"அளந்தவன் மடையன்."

"ம்" என்றாள் செல்வி. கனியின் தலையைத் தடவினாள்.

ரிஜக்ட்டு டீயை வைத்துவிட்டு எழுந்தார். கனியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டார்.

அதன் பிறகு சோதனை இல்லை. கை துறுதுறுக்கும். பாக்கெட்டில் விட்டுக்கொள்வார்.

கனி இரண்டாவது போய், முன்பல் விழுந்திருந்த சமயம். அவளுக்கு நெட்டைக் கிளாஸ்தான் பிடிக்கும் என்று வழக்கம்போல அதில் பால் ஊற்றிக் கொடுத்தேன்.

"எதுல ஊத்துனா இன்னா மாமா? அதே பால்தான? இதுல குடிச்சா மூக்கு இடிக்குது."

யாரும் அவளிடம் கேள்வி கேட்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

ரிஜக்ட்டு எழுந்து வெளியே போனார். ரோட்டில் லாரி பார்க்கிறவர் போல எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். நானும் அடுப்பைப் பார்க்கிறவன் போலக் குனிந்துகொண்டேன்.