ஆந்தை நாடி

கடிகாரச் சித்தர் ஊருக்கு வந்து இரண்டே மாதம். அதற்குள் அவர் தங்கிய மண்டப வாசலில் செருப்பு விட இடமில்லை. பருமனான பிள்ளையைப் பெற்றவர்கள் எல்லாம் பிள்ளையை இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சித்தர் மணிக்கட்டைத் தொடுவார், கண்ணை மூடுவார். ஓடுவது ஆந்தை நாடியா, சேவல் நாடியா என்று சொல்லிவிடுவார். ஆந்தை நாடி இரவில் விழிக்குமாம், காலையில் தூங்குமாம், கொழுப்பைச் சேர்க்குமாம். பரிகாரம்: ஒரு செப்பு மோதிரம், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சுவரைப் பார்த்து நிற்பது. ஏன் சுவர் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டால் நாடி கோபித்துக்கொள்ளும்!

தையல்காரி ஒருத்தி பத்தாம் வகுப்பு மகளுக்கு மோதிரம் மாட்டினாள். ஒரு மாதம் சுவரைப் பார்த்த மகள், கணக்குத் தேர்வில் விடைத்தாள்மேல் தலைவைத்துத் தூங்கினாள். தூக்கம் கெட்டுப் பசி கூடி, எடையும் இரண்டு கிலோ ஏறியது.

"ஆந்தை கிளம்புறப்ப கொஞ்சம் கனக்கும்" என்ற சித்தர், இரண்டாவது மோதிரத்தை நீட்டினார்.

வீட்டில் மகள் தட்டைத் தள்ளிவிட்டுச் சித்தியிடம் அழுதாள். "கிளாஸ்ல எல்லாரும் ஆந்தைன்னு கூப்பிடுறாங்க, சித்தி."

சித்தி பேருந்து ஓட்டுநர். இருக்கைக்கு அடங்காத உடம்பு. "அக்கா, நாளைக்கு நானும் வரேன்" என்றாள்.

மறுநாள் கூட்டத்துக்கு நடுவே கேட்டாள்: "சாமி, ஆளைப் பார்க்காம நாடி சொல்வீங்களா?"

"நாடிக்கு ஆள் எதுக்கும்மா? கை போதும்."

ஒரு போர்வையைக் குறுக்கே கட்டினார்கள். முதலில் ஒரு குண்டுக் கை நீண்டது.

"அடேயப்பா, கொழுத்த ஆந்தை! பத்து மணி வரைக்கும் படுக்கையை விட்டு எந்திரிக்காத பிள்ளை!"

அடுத்து ஒரு மெலிந்த கை.

"சுத்தமான சேவல்! சூரியனையே இதுதான் எழுப்புது!"

போர்வையை இழுத்தார்கள். குண்டுக் கை சித்தியுடையது. "இருபது வருஷமா நாலரை மணி முதல் பஸ் நான்தான் ஓட்டுறேன். உங்கள்ல பாதிப் பேரு அதுல தூங்கிக்கிட்டே வர்றீங்க!"

மெலிந்த கைக்குச் சொந்தக்காரியான பெண் நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். "மணி பதினொண்ணாச்சு, இன்னும் எழுப்ப முடியலைங்க. கையை நான்தான் பிடிச்சு நீட்டினேன்" என்றாள் அவள் அம்மா. மண்டபமே சிரித்தது.

"திரை... திரை நாடியை மறைக்குது" என்றார் சித்தர்.

"அப்போ இத்தனை நாளா உடம்பைப் பார்த்துத்தான் சொன்னியா? என் பொண்ணைத் தூங்கவிடாம பண்ணிட்டியேடா!" தையல்காரி கத்தரிக்கோல் பிடித்துப் பழகிய கையை ஓங்கினாள். சித்தர் சமையலறை வழியாகப் பறந்தார்.

"வயசுப் பிள்ளைங்களுக்குத் தூக்கம் லேட்டா வர்றது இயல்பு" என்றாள் சித்தி. "எடை கூடுறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். டாக்டரைக் கேளுங்க."

மகள் மோதிரத்தைக் கழற்றி எறிந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

பிள்ளை தூங்கிக் கொழுக்கிறதே என்று பதறிய பெற்றோரே, இரண்டு மாதமாக உங்கள் புத்தி குறட்டை விட்டதே, அதை யார் எழுப்புவது?