1980-ஐ விட்டு நகராத கம்ப்யூட்டர்

என் பழைய கம்ப்யூட்டருக்குத் தேதி நினைவில் நிற்காது. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் 1980 ஜனவரி ஒன்று என்று சாதிக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதற்குப் புத்தி வராவிட்டால், ‘சூராட் கபார் லாமா’ என்று ஒலிபெருக்கியில் கத்தியபடி வரும் பழைய பேப்பர் லாரியில் என் கையாலேயே ஏற்றிவிடுவதாக மனைவி கிளாடிஸிடம் சபதம் போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது. என் முதல் சம்பளத்தில் ஆசையாக வாங்கியது அது.

சரி, ஜுருவில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன் இதற்கெல்லாம் பயப்படலாமா? கொட்டுகிற மழையில் ஓடிப்போய்ப் புது பட்டன் பேட்டரி வாங்கிப் போட்டேன். தேதி சரியாக வந்தது. நிம்மதியாக அணைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பழையபடி 1980. பேட்டரியை மீட்டரில் வைத்துப் பார்த்தால் சுத்தமாகச் செத்திருந்தது.

ஒரே ராத்திரியில் ஒரு முழு பேட்டரியை எது குடிக்கும்? ஆர்வத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடிகாரச் சிப்தான் உள்ளுக்குள் கரண்டை உறிஞ்சுகிறது என்று கிளாடிஸுக்கு விளக்கினேன். இருக்கும்லா, சிப்பை மாத்துங்க, மறக்காம புது பேட்டரியும் வாங்கிட்டு வாங்க என்று அவளே சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சிப்பை மாற்றினேன். தொழிற்சாலைப் பழக்கம் விடுமா? சோதித்த புது பேட்டரி மேல் சிவப்பு மையில் ஒரு புள்ளி வைத்தேன். மறுநாளும் 1980. பேட்டரியைக் கழற்றினால் புள்ளியைக் காணோம். சிப் கரண்டைக் குடிக்கலாம், மையையுமா குடிக்கும்?

யோசித்தபடி சமையலறைக்குப் போனேன். கிளாடிஸ் சூஜி கேக்குக்கு மாவு நிறுத்துக்கொண்டிருந்தாள். பல மாதமாகப் பால் டின்னில் அளந்தவள். செத்துக் கிடந்த தராசில் இன்று எண் ஓடியது. அதைத் திருப்பி மூடியைத் திறந்தேன். உள்ளே என் சிவப்புப் புள்ளி.

“இது என் பேட்டரி.”

“எத்தனை மாசமா கேட்டேன், நாளைக்கு நாளைக்குன்னீங்க. அந்தப் பெட்டிக்குன்னா மழையில ஓடுறீங்க.”

“அப்போ மொதல்ல வாங்கினது?”

“பாத்ரூம் எடை மெஷின்ல இருக்கு. அதுல செத்துக் கிடந்ததத்தான் உங்க பெட்டியில போட்டேன். ஏறிப் பாருங்க, நல்லா வெயிட் போட்டிருக்கீங்க.”

கோபம் வந்தது. அதைவிட நிம்மதி வந்தது. கம்ப்யூட்டர் மேல் தப்பே இல்லை, லாரிக்குக் கொடுக்க மாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

“யாரு கொடுக்கச் சொன்னா? அது இங்கேயே இருக்கட்டும்லா,” என்றாள் கிளாடிஸ், மாவுக் கையைத் தட்டியபடி. “கார் ரிமோட் வேற இப்போ சரியா தொறக்க மாட்டேங்குது.”