ஃப்ரிட்ஜ் கம்பெனி மேலாளர்

"இன்னையிலேர்ந்து நானே முதலாளி!" என்று அவர் அறிவித்தபோது காலில் செருப்பு இருந்தது.

பதினாலு வருஷம் ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து நோட்டீஸ், போர்டு, விசிட்டிங் கார்டு என்று டிசைன் போட்ட மனுஷன். அன்று காலை பத்து மணிக்கு வேலைக்குப் போனவர், பத்தரைக்கு வேலையை விட்டுவிட்டு வந்து கூடத்தின் நடுவில் நின்றார். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரிங்க முதலாளி. செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க."

அன்றைக்கு ஒட்டிய பெயர்தான். அக்கம்பக்கம், பால்காரர், மாடி வீட்டுக்காரர், எல்லோருக்கும் அவர் முதலாளி. அவரிடம் வேலை செய்ய ஒரு ஈ காக்கைகூடக் கிடையாது என்பது வேறு விஷயம்.

மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் பன்னிரண்டு வருஷமாக கவுன்டரில் நிற்பவள். எதையும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அப்படிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மூணு மாசம். மூணு கஸ்டமர். பிடிச்சுட்டீங்கன்னா நீங்க முதலாளி. இல்லைன்னா எங்கண்ணனோட பிளைவுட் கடை."

அண்ணன் ஆர்வக்கோளாறு பிடித்த ஆள். மறுநாளே கடைப் பெயர் தைத்த பச்சைச் சட்டை ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது. அளவு கச்சிதம். அவள் அதைப் படுக்கையறைக் கதவின் பின்னால் மாட்டி வைத்தாள். கதவைச் சாத்தும்போதெல்லாம் அது முதலாளியைப் பார்த்துக் கையை ஆட்டியது. செத்தாலும் அந்தச் சட்டையைப் போடுவதில்லை என்று அவர் சபதம் எடுத்தார்.

சபதம் எடுத்த கையோடு ஒரு கடிதம் எழுதினார். கடை, கம்பெனி, ஆஸ்பத்திரி என்று முகவரி கிடைத்த இடத்துக்கெல்லாம் ஈமெயிலில் அனுப்பி வேலை கேட்பதற்கான கடிதம். மொத்தம் நாற்பத்தொரு வரி. ஐந்தாம் வகுப்பில் மயில் வரைந்து முதல் பரிசு வாங்கியதில் தொடங்கும். பதினெட்டாவது வரியில்தான் அவருக்கு மீசையே முளைக்கும்.

"வேலை குடுக்கப் போறவருக்கு உங்க மயில் எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"என் திறமை தெரிய வேண்டாமா?"

"எங்க கடைக்கு வர்றவங்ககிட்ட நான் என் பெருமையைச் சொல்றதில்ல. 'எது சரியாத் தெரியலை?'ன்னு கேப்பேன். அப்புறம் அவங்களே பேசுவாங்க."

"கண்ணாடி விக்கிறது வேற. கலை வேற."

"சரிங்க கலை. இன்னொண்ணு. வீட்டுலதானே இருக்கீங்க? அந்தக் கடைவாய்ப் பல்லை டாக்டர்கிட்ட காட்டுங்க. ரெண்டு வருஷமா ஒரே பக்கமா மெல்றீங்க. பேன்ட் மடிப்பு அவுந்து தொங்குது, தைக்கக் குடுங்க. எங்கண்ணனை ஒரு எட்டு பாத்துட்டு வாங்க. குழாய் வேற சொட்டுது."

"முதலாளிக்கு அதுக்கெல்லாம் நேரம் ஏதுடி?"

இருநூற்றுப் பன்னிரண்டு கடிதம் போயிற்று. பதில் ஒன்றே ஒன்று வந்தது. 'தங்கள் கடிதத்துக்கு நன்றி. விரைவில் தொடர்பு கொள்கிறோம்.' முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. உடனே நன்றி சொல்லி எழுதினார். உடனே பதில் வந்தது: 'தங்கள் கடிதத்துக்கு நன்றி. விரைவில் தொடர்பு கொள்கிறோம்.' என்ன பண்பு, என்ன பணிவு என்று உருகி மறுபடியும் எழுதினார். ஆறு தடவை இப்படிக் கொஞ்சிக் குலாவிய பிறகு மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது மெஷின் போடுற பதிலுங்க."

"மெஷினா இருந்தா என்ன? மரியாதை தெரிஞ்ச மெஷின்!"

இப்படியே இரண்டரை மாதம் ஓடிப்போயிற்று. கெடு முடிய இன்னும் இரண்டே வாரம். ஒரு நாள் சாயங்காலம் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவரை அவள் மடக்கினாள்.

"என்னங்க, ஒரு கஸ்டமராவது சிக்கினாரா? அண்ணன் கேட்டாரு."

முதலாளி அப்போது ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டிருந்தார். வாய் முந்திக்கொண்டது.

"சிக்கிட்டாரே! பெரிய ஆளு. ஃப்ரிட்ஜ் கம்பெனி."

"அட! யாரு?"

"மேலாளர். மண்டல மேலாளர்."

"நேர்ல பாத்தீங்களா? ஆளு எப்படி?"

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். கைக்கு எட்டியது ஃப்ரிட்ஜ்தான். "ஆளு... நல்ல வெள்ளை. என்னைவிட ரெண்டு விரல் உயரம். அகலமும் அதுக்குத் தகுந்த மாதிரி."

"குரல்?"

"பேச்சு கம்மி. 'ம்ம்ம்'னு உறுமிக்கிட்டே இருப்பாரு. திடீர்னு நின்னுடுவாரு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் உறுமுவாரு."

"மனுஷன் கோவக்காரரோ?"

"சேச்சே. கூல்."

மனைவி ஒரு நிமிஷம் அவரை உற்றுப் பார்த்தாள். "ரொம்ப சந்தோஷங்க" என்று காய் நறுக்கப் போய்விட்டாள். அப்பாடா, தலை தப்பியது என்று முதலாளி நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் பகல் ஒன்று பத்துக்கு அவருடைய கணினி மணியடித்தது. கடிதம். கீழே கையெழுத்து: 'மண்டல மேலாளர், ஃப்ரிட்ஜ் கம்பெனி.'

முதலாளி நாற்காலியிலிருந்து விழவில்லை, பாதி வழியில் மேசையைப் பிடித்துக்கொண்டார். நேற்றுச் சாயங்காலம் அவர் வாயால் பிறந்த ஆள், இன்றைக்கு எழுதுகிறான்! அப்புறம் மெல்லப் புரிந்தது. அனுப்பிய இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று எங்கோ ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனிக்கும் போயிருக்கும். அவர் சும்மா சொன்னார், அது பலித்துவிட்டது. "எனக்குக் கருநாக்கு!" என்று கூவினார். சோதித்துப் பார்க்க, "வாசல்ல ஒரு புதுக் கார் நிக்குது" என்று உரக்கச் சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்தார். மாடி வீட்டுக்காரரின் சைக்கிள் நின்றது. சக்கரம் இருக்கிறது அல்லவா, போகப் போக முழுசாகப் பலிக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

கடிதம் இப்படி இருந்தது: 'உங்கள் நாற்பத்தொரு வரிகளையும் படித்தேன். அதில் எங்கள் கம்பெனியைத் தேடினேன், காணவில்லை. மயில் இருந்தது. நான்கே வரியில் மறுபடி எழுதுங்கள். உங்களைப் பற்றி வேண்டாம். எங்களுக்கு என்ன குறை என்று கேளுங்கள்.'

சாயங்காலம் மனைவி வந்ததும் வராததுமாக அவளை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்.

"வேலை கேக்கிறதுல ஒரு ரகசியம் இருக்கு. நம்ம பெருமையைப் பேசக் கூடாது. அவங்க குறையைக் கேக்கணும். மேலாளர் சொல்றாரு."

"அடடா! எப்பேர்ப்பட்ட மனுஷன்! இந்த மாதிரி யாருமே உங்களுக்கு எடுத்துச் சொல்லலையே."

"எவன் சொன்னான்? அதுவும் பாரு, டாண்ணு ஒண்ணு பத்துக்கு எழுதறாரு."

"எங்க கடையில அது சாப்பாட்டு நேரம்."

"அதான் வித்தியாசம். நீங்கள்லாம் சாப்பிடுற நேரத்துல அவரு வேலை பாக்கிறாரு!"

அவள் ஒத்துக்கொண்டாள். நாற்பத்தொன்றை நாலாக்க முதலாளிக்கு முழுசாக ஒரு வாரம் பிடித்தது; எழுதி அனுப்பினார். மறுநாள் ஒன்று பத்துக்கு அடுத்த உத்தரவு: 'பரவாயில்லை. எங்கள் வேலை வேண்டுமானால் ஒரு பரீட்சை. கடிதத்தை மூட்டை கட்டிவிட்டு நேரில் போங்கள். ஒரு பல் மருத்துவர், ஒரு தையல் கடை, ஒரு பிளைவுட் கடை. மூன்று இடத்திலும் "உங்களுக்கு என்ன குறை?" என்று மட்டும் கேளுங்கள். வாய் பேசக் கூடாது, காது மட்டும் வேலை செய்ய வேண்டும்.'

பிளைவுட் என்ற இடத்தில் முதலாளிக்குக் கதவின் பின்னால் தொங்கும் பச்சைச் சட்டை ஞாபகம் வந்தது. ஆனாலும் மண்டல மேலாளர் பேச்சைத் தட்ட முடியுமா?

முதலில் பல் டாக்டர். உள்ளே போனதும் மனப்பாடம் செய்ததைச் சொன்னார்: "உங்களுக்கு என்ன குறை?"

"அதை நீங்கதான் சொல்லணும்" என்று டாக்டர் அவரை நாற்காலியில் சாய்த்தார். "வாயைத் திறங்க. அடேயப்பா! எத்தனை வருஷமா இதை வச்சுக் குடித்தனம் பண்றீங்க?"

"ஆ... ஆ..." என்றார் முதலாளி. வாய்க்குள் ஒரு கண்ணாடி, ஒரு குழாய், இரண்டு விரல். மயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேச வழியில்லை. டாக்டர் கையால் பல்லைக் குடைந்தபடி வாயால் தன் மனக்குறையைக் கொட்ட ஆரம்பித்தார்.

"எனக்கும் குறை இல்லாம இல்லை சார். நான் மாடியில, கீழே தையல் கடை. என் போர்டுல அம்புக்குறி எங்கேயோ காட்டுது. பல்வலின்னு வர்றவங்க நேரா தையல்காரம்மாகிட்ட போய் வாயைத் திறக்கிறாங்க. போன வாரம் ஒருத்தருக்குக் கழுத்தளவு எடுத்துட்டுத்தான் மேல அனுப்பிச்சிருக்காங்க. இதைக் கேக்க ஒரு ஆள் உண்டா?"

"ஆ... ஆ!" என்றார் முதலாளி, கண்ணில் தண்ணீரோடு.

"நீங்க மட்டும்தான் சார் பொறுமையாக் கேக்கறீங்க. என்ன தொழில்?"

விரலை எடுத்ததும் முதலாளி சொன்னார். புது போர்டு, வழிகாட்டும் பலகை, மருந்துச் சீட்டு அச்சடிக்க டிசைன், எல்லாவற்றுக்கும் ஆர்டர் அங்கேயே அவர் கைக்கு வந்தது. வீங்கிய கன்னத்தோடு படியில் ஆடிக்கொண்டே இறங்கினார்.

கீழே தையல்காரம்மா அவரைப் பார்த்ததும், "பல் டாக்டர் மாடியில" என்றாள்.

"அங்கேர்ந்துதான் வர்றேன். உங்களுக்கு என்ன குறை?"

"எனக்கு இருக்கட்டும், உங்க பேன்ட் மடிப்பு தரையைக் கூட்டுது. கழட்டிக் குடுத்துட்டுத் திரைக்குப் பின்னால உக்காருங்க."

பேன்ட் இல்லாத மனிதன் எங்கே ஓடுவான்? திரைக்கு மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு அரை மணி நேரம் கேட்டார். பல்வலிக்காரர்கள் தொல்லை, ஜாக்கெட் மாடல் படங்கள் வெயிலில் வெளுத்துப்போனது, வாசலில் கடைப் பெயரே இல்லாதது. பேன்ட்டோடு இரண்டாவது ஆர்டரும் கைக்கு வந்தது.

மிச்சம் பிளைவுட். முதலாளி கடைவாசலில் இரண்டு தடவை முன்னும் பின்னும் நடந்தார். மூன்றாவது தடவை மச்சான் பார்த்துவிட்டார்.

"மாப்ள வந்துட்டாரு! டேபிளைத் துடைங்கப்பா! சட்டை எங்கே மாப்ள?"

"வேலைக்கு வரலை மச்சான். ஒரே ஒரு கேள்வி." தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்களுக்கு என்ன குறை?"

மச்சான் கையிலிருந்த டேப் சுர்ரென்று சுருண்டது. "இருபது வருஷமா எல்லாரும் என்ன விலைன்னுதான் கேக்கிறாங்க மாப்ள. என்ன குறைன்னு ஒருத்தர் கேட்டதில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். மரத்தூளா, பாசமா, தெரியவில்லை. "வர்றவங்க பலகையைப் பாக்கிறாங்க, அலமாரியா எப்படி இருக்கும்னு தெரியாம முழிச்சுட்டுப் போயிடறாங்க. படம் போட்ட ஒரு புத்தகம் வேணும். உங்ககிட்ட கேக்கலாம்னா, நீங்கதான் மூணு மாசமா இந்தத் தெருப்பக்கமே வர்றதில்லையே."

முதலாளிக்கு மனசு என்னவோ செய்தது. இவ்வளவு நல்ல மனுஷனுக்குப் பயந்தா சந்து சந்தாகச் சுற்றினோம் என்று வெட்கப்பட்டார். அப்புறம் ஆர்டரை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மனைவிக்கு விடுமுறை. கெடு முடிய இன்னும் மூன்று நாள் பாக்கி. முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மூணு கஸ்டமர்! எண்ணிக்கோ. இனிமே அந்த ஃப்ரிட்ஜ் கம்பெனிகூட நமக்கு வேண்டாம். ஒரு முதலாளிக்கு எத்தனை மேலாளர்?"

"பாவங்க, அவரு மனசு நோகும்" என்றாள் சமையலறையிலிருந்து.

"நோகட்டும்! எழுதிட்டேன். 'ஐயா, எனக்கு இப்போது நேரமில்லை. உங்கள் வேலையை ஏற்க இயலாது.' அனுப்பியாச்சு!"

சமையலறையில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்து, 'டிங்' என்றது.

முதலாளி நிமிர்ந்தார். மறுபடியும் அனுப்பினார். 'டிங்.' எழுந்து போய், சமையலறை வாசலில் நின்று, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது தடவை அனுப்பினார். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் அவளுடைய போன் ஒளிவு மறைவில்லாமல் 'டிங்' என்றது.

"எப்பத்திலேர்ந்து உனக்குத் தெரியும்?" என்றார், ஈனஸ்வரத்தில்.

"ஆளு வெள்ளையா இருப்பாரு, உறுமுவாருன்னீங்களே, அப்பவே."

"அப்போ என் கருநாக்கு?"

"நாக்கு நல்லாத்தான் இருக்கு. பல்லுதான் கெட்டுப்போயிருந்துச்சு. நான் ரெண்டு வருஷமாச் சொல்லிப் போகாத மனுஷன், மேலாளர் ஒரு வரி எழுதினதும் ஓடினீங்களே?"

முதலாளி மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். பல். பேன்ட். அண்ணன். அவள் அன்றைக்குச் சொன்ன வரிசைகூட மாறவில்லை. கோபப்படலாம் என்றால் மூன்று ஆர்டரும் பையில் இருக்கிறது. சிரிக்கலாம் என்றால் மானம் இடம் தரவில்லை. உறுமிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜும் திடீரென்று நின்று அவரைப் பார்த்தது.

கதவின் பின்னாலிருந்து பச்சைச் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதை வைத்து ஃப்ரிட்ஜை மேலிருந்து கீழே பளபளவென்று துடைத்தார். பிறகு அவள் எதிரிலேயே நின்று, கற்றுக்கொண்ட பாடம் மறக்காமல், தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், மேலாளருக்கு ஒரே ஒரு வரி எழுதினார்: 'ஐயா, உங்களுக்கு வேறு என்ன குறை?'

இந்த மூன்று மாதத்தில் அந்த மரியாதை தெரிந்த மெஷின்கூட அவருக்கு அவ்வளவு சீக்கிரம் பதில் போட்டதில்லை.

'குழாய்.'