அடுத்த வில்காரர்

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாணைப் பிடித்து அந்தக் கைகள் மெழுகு தேய்த்துக்கொண்டிருக்கின்றன. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, விரலின் சூட்டில் மெழுகு இளகி இழைக்குள் இறங்கும்வரை, துளி அவசரமில்லாமல். பிறகு ஒரு பழைய பனியன் துணியால் மிச்சத்தைத் துடைக்கின்றன. திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, தளர்ந்ததை இறுக்கி, இறுகியதை இன்னொரு முறை இறுக்குகின்றன. பிள்ளையைக் குளிப்பாட்டிய தாய்கூட அதன் காது மடலை இவ்வளவு பொறுமையாகத் துவட்டுவாளா என்பது சந்தேகம். மேசைமேல் மல்லாந்து கிடப்பது புது வில். இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில். கொஞ்ச நேரத்தில் அதை எடுத்துப்போக ஆள் வரும்.

இந்தக் கைகளைப் பார்த்ததும், 'ஆகா, எப்பேர்ப்பட்ட வில்லாளி!' என்று கும்பிடத் தோன்றுகிறதல்லவா? அவசரப்படாதீர்கள். உலகத்தில் வில்லாளிகள் இரண்டு வகை. ஒரு வகை அம்பு விடும். இன்னொரு வகை வில் வாங்கும். மேற்படி கைகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அந்த வகைக்கு 'அடுத்த வில்காரர்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். இந்த வில்லில் படாத அம்பு அடுத்த வில்லில் பட்டுவிடும் என்பது இவருடைய வேதம். ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம். நம்மவர் அவளைவிட ஒரு படி மேல். தெருவைக் குறை சொல்லிவிட்டு நிற்க மாட்டார். சொந்தச் செலவில் புதுத் தெருவே போட்டுவிடுவார்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். அம்பு இடப்பக்கம் போனால் காற்றைப் பார்ப்பார். காற்று இல்லையென்றால் வில்லில் குறி பார்க்கும் சைட்டைப் பார்ப்பார். சைட் நேற்றுத்தான் மாற்றியது என்றால், அம்பைப் பிடுங்கி, கண்ணருகே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, 'வளைஞ்சிருக்கு' என்பார். 'என்னிடம் தப்பு' என்ற வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்ததாக எந்தச் சாட்சியும் கிடையாது. வாங்கினேன் என்றும் சொல்ல மாட்டார். 'புது வில் வந்திருக்கு' என்பார், ஏதோ அதுவாகப் பஸ் பிடித்து, விலாசம் விசாரித்து, வீட்டு மணியை அடித்ததுபோல.

வந்த வில் தனியாகவும் வராது. வெறும் வில் வில்லாகாதே! குறி பார்க்க ஒரு சைட், ஆட்டம் அடங்க முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கம்பி, அந்தக் கம்பியின் கனத்தைச் சமன் செய்யப் பின்னால் இன்னொரு குட்டிக் கம்பி, நாணை விடுவிக்க மணிக்கட்டில் மாட்டும் விசை, அந்த விசை பிடிக்காமல் போனால் உள்ளங்கையில் பிடிக்கும் வேறொரு விசை, புது வில்லின் வேகத்துக்குப் பழைய அம்பு தாங்காது என்பதால் புது அம்புகள், புது அம்பின் நீளத்துக்குப் பழைய பெட்டி போதாது என்பதால் புதுப் பெட்டி, புதுப் பெட்டி கட்டிலுக்கு அடியில் நுழையாது என்பதால் கட்டிலுக்குக் கால் உயரம். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பார்களா?

கணக்குப் பார்க்கும் ஆள் அந்த வீட்டில் ஒருவர் உண்டு. அவருடைய மனைவி.

"எவ்வளவு?"

"வில்லா? வில் ஒண்ணும் அதிகமில்ல."

"சாமானெல்லாம் சேர்த்துக் கேக்கறேன்."

"சேர்த்துன்னா, எதை எதைச் சேர்த்து?"

"என்னங்க, பிரிட்ஜ் கதவுக்கு ரப்பர் மாத்தச் சொன்னேன். அதுக்கு நாலு கடை விசாரிச்சீங்க. விலை ஜாஸ்தின்னு சொல்லிட்டுக் கயிறு போட்டுக் கட்டி வச்சீங்க."

"அது கயிறில்லம்மா. நல்ல நாண். அறுபது பவுண்டு இழுவை தாங்கும்."

"தயிருக்கு எதுக்கு அறுபது பவுண்டு?"

அன்றைக்குத்தான் அந்த அம்மாள் சட்டம் போட்டாள். ஒரு வில் உள்ளே வந்தால் ஒரு வில் வெளியே போக வேண்டும். பழைய வில்லை முகம் தெரியாதவனுக்கு விற்க நம்மவருக்கு மனம் வரவில்லை. மனைவியின் தம்பிக்கே கொடுத்துவிட்டார். மச்சான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். நெடுநெடுவென்று கொக்கு மாதிரி இருப்பான். கொடுக்கும்போது ஒரு புத்திமதியும் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தார்: "இந்த வில்லுல பெருசா எதுவும் எதிர்பார்க்காதே மச்சான். என்னாலயே ஒண்ணும் பண்ண முடியல."

இனி, நம்மவரின் உத்தியோகத்தைச் சொல்லிவிட வேண்டும். திரைச்சீலைக் கடையில் அளவெடுப்பவர். வீடு வீடாகப் போய், ஜன்னலுக்கு ஜன்னல் டேப்பைப் பிடித்து அளவு சொல்வார். அவர் சொன்ன அளவில் தைத்த திரை ஒரு விரற்கடை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. யாராவது, 'இன்னும் கொஞ்சம் அகலமாப் போட்டா எடுப்பா இருக்குமே' என்றால் பணிவாகச் சொல்வார்: "ஜன்னல் நம்ம ஆசைக்கு வளராதுங்க."

இந்த மனிதர் முதல் வில் வாங்கிய நாளில் என்ன செய்தார் தெரியுமா? நாணை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கை நீளத்தைப் பொறுத்தது. சுவரில் முதுகை ஒட்டி, இரண்டு கைகளையும் விரித்து நின்றால், விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து, அதை இரண்டரையால் வகுத்து, வில்லின் இழுப்பு நீளத்தைக் கணக்கிடுவார்கள். இழுப்பு கூடினால் அம்பின் வேகம் கூடும் என்று நம்மவர் எங்கேயோ படித்திருந்தார். போதாதா? நெஞ்சை நிமிர்த்தி, தோளைப் பிதுக்கி, விரல்களை நீட்டி, நகத்தையும் சேர்த்து நீட்டினார்.

"சார், இயல்பா நில்லுங்க" என்றார் கடைக்காரர்.

"இதுதாங்க என் இயல்பு."

அன்று கிடைத்த எண்ணை, மற்றவர்கள் ரத்த வகையை நினைவு வைத்திருப்பதுபோல் மனப்பாடமாக வைத்திருந்தார். அதற்குப் பின் வந்த வில் எல்லாம் அதே அளவில்தான் வந்தன. இழுத்தால் நாண் தாடையைத் தாண்டிக் காதுக்குப் போகும், தலை பின்னால் சாயும், கை நடுங்கும், விட்டால் நாண் முன்கையில் அறையும். கை கன்றிப்போனதைப் பார்த்து நம்மவர் என்ன செய்தார்? முன்கையில் கட்டும் காப்பை இன்னும் பெரிதாக வாங்கினார்.

ஊர் வில்வித்தைக் கழகத்தின் அணியில் நால்வருக்கு இடம். நம்மவருக்கு வெகுகாலமாக ஐந்தாவது இடம், அதாவது மாற்று ஆள். அணிக்குப் போட்டி என்றால் மாற்று ஆளுக்குக் கூடாரம் தூக்குவது, பையைக் காப்பது, கை தட்டுவது ஆகிய மூன்று பொறுப்புகள். இந்த வருஷம் நால்வரில் ஒருவர் வேலை மாற்றலாகிப் போனார். நான்காவது இடம் காலி! அதற்காகத்தான் புது வில்லே வந்தது. கடையில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. அணியின் பெயர் முதுகில் எழுதிய சட்டையைப் பற்றிக் கேட்டவர்களிடமும் பேசினார், கேட்காதவர்களிடமும் பேசினார். அதைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை, ஒரே தடவை, கோட்டில் நிற்க வேண்டும். மற்றபடி அவருக்கு உலகத்தில் வேறு பேராசை கிடையாது.

தேர்வு நாளன்று கழகச் செயலாளர் அம்மாள் பட்டியலைப் பார்த்து உரக்கப் பெயர் வாசித்தார். நான்காவது இடம் லிஃப்ட்காரனுக்கு.

ஆமாம், கொக்குக்குத்தான். பழைய வில்லுடன் போன மச்சான் வேலை முடிந்து தினமும் மைதானத்துக்கு வந்திருக்கிறான். அவனிடம் மாற்றுவதற்கு வேறு சாமான் இல்லாததால், பாவம், அம்பு விட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அத்தான், எல்லாம் உங்க வில்லுதான் அத்தான்! எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதைச் சிலர் இப்படி அன்பாகவும் செய்வார்கள்.

செயலாளர் அம்மாள் நம்மவரைத் தனியே அழைத்தார். "நானும் ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தேன். உங்க வில்லோட இழுப்பு உங்க கைக்கு ஒரு அங்குலம் நீளம். சக்கரத்துல ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டி மாத்தி வச்சாப் போதும். இப்பவே பண்ணித் தரேன், உக்காருங்க."

"எவ்வளவு ஆகும்?"

"எதுக்கு? ஒண்ணும் ஆகாது. சும்மாதான்."

அங்கேதான் கெட்டது காரியம். சும்மாவா! வருஷக்கணக்காக வாட்டிய நோய்க்குக் காசில்லாத மருந்தா? விலை சொல்லியிருந்தால் வாங்கியிருப்பார். வெளிநாட்டிலிருந்து ஸ்க்ரூ தருவிக்க வேண்டும் என்றிருந்தால் இரண்டு ஜோடியாகவே சொல்லியிருப்பார். "வேகம் குறைஞ்சிடும் மேடம்" என்று சொல்லிவிட்டு வில்லைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

வீட்டில் அந்த வாரம் வேறொரு வேலை இருந்தது. ஊர் ஜன்னலையெல்லாம் மூடிய மனிதரின் வீட்டுக் கூடத்து ஜன்னலில் பழைய போர்வைதான் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி தானே துணி எடுத்துத் தைத்துவிட்டாள். நம்மவர் முக்காலி மேல் ஏறி, திரைக் கம்பியின் இரண்டு முனைகளையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவரோடு சுவராக, சிலுவை மாதிரி நின்றார்.

"கையை இறக்காதீங்க, கம்பி கோணுது" என்றாள் மனைவி. சொல்லிக்கொண்டே அவர் சட்டைப் பையிலிருந்து டேப்பை உருவி, இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனிவரை இழுத்துப் பார்த்தாள்.

"ரெண்டரை அங்குலம் கம்மியா இருக்கே."

"எது, கம்பியா?"

"கம்பி சரியா இருக்கு. நீங்கதான் கம்மி. தூக்கத்துலகூட ஒரு நம்பர் சொல்லுவீங்களே, அதுல ரெண்டரை அங்குலம் குறையுது. வில்லுல பார்த்தா அது ஒரு அங்குலம் வருமாமே? செயலாளர் அம்மா சொன்னாங்க."

நம்மவர் முக்காலியிலிருந்து இறங்கினார். டேப்பை வாங்கினார். முனையைத் தடவிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"டேப் பழசாயிடுச்சு. இழுத்து இழுத்து நீண்டுபோச்சு. நீண்ட டேப்புல அளவு குறைச்சுத்தான் காட்டும். புதுசு வாங்கணும்."

"அப்போ இத்தனை வருஷமா ஊர் ஜன்னலையெல்லாம் தப்பாவா அளந்தீங்க?"

கேட்டாளே ஒரு கேள்வி! டேப் சரி என்றால் கை போயிற்று. கை சரி என்றால் உத்தியோகம் போயிற்று. மனிதர் வாயடைத்துப்போவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அடுத்த வில்காரரை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

"ஜன்னலுக்கு அது போதும்" என்றார்.

அதோடு விட்டாரா? இரண்டு நாள் யோசித்தார். யோசித்து, உண்மையைக் கண்டுபிடித்தார். மச்சானுடைய அம்பு படுகிறது. மச்சான் கையில் இருப்பது தன்னுடைய பழைய வில். ஆகவே நல்ல வில் அதுதான்! கைக்குள் இருந்த வைரத்தைக் கூழாங்கல் என்று தூக்கிக் கொடுத்துவிட்டோமே! நேராக மச்சான் வீட்டுக்குப் போனார்.

"மச்சான், அந்த வில்லு என் கைக்குப் பழகினது. அதைக் குடுத்துட்டு நீ புதுசை எடுத்துக்கோ."

"புதுசையா? எனக்கா? அத்தான், விளையாடாதீங்க. போட்டிக்கு நீங்களே..."

"நான் மாற்று ஆள்தானேடா. கை தட்டறதுக்கு எந்த வில்லா இருந்தா என்ன?"

இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. அதற்காக அவரை ஒரு நிமிஷம் மன்னித்துவிடலாம். ஒரு நிமிஷம்தான்.

இப்படித்தான் புது வில் மேசைக்கு வந்தது. இப்படித்தான் அந்தக் கைகள் மெழுகு தேய்க்கின்றன. மெழுகும் முடிந்தது, துடைத்தும் ஆயிற்று. வாசல் மணி அடிக்கிறது. மச்சான் பழைய வில்லுடன் குனிந்து உள்ளே வருகிறான். நிமிர்ந்தால் நிலை இடிக்கும். வில்லை வாங்கி மெதுவாக இழுத்துப் பார்க்கிறான். நாண் தாடை ஓரத்தில் வந்து, சொல்லிவைத்தாற்போல் நிற்கிறது. அப்படியே பதமாகத் தளர்த்தித் திருப்பிக் கொடுக்கிறான்.

"அத்தான், இழுப்பு நீளம் மாத்தணுமா? செயலாளர் அம்மா எல்லாரையும் சரிபார்க்கச் சொன்னாங்க."

"ஒண்ணும் தொடாதே. உன் கைக்குச் சரியா இருக்கும்."

பிரிட்ஜ் கதவின் நாணை அவிழ்த்துக்கொண்டிருக்கும் மனைவி திரும்பிப் பார்க்கிறாள். "அதெப்படிங்க? உங்க கைக்குன்னு வாங்கினது, அவன் கைக்குச் சரியா இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நம்மவர் திரும்பவும் ஒரு முறை பெட்டியின் ஓரத்தைத் துடைக்கிறார், வில்லை உள்ளே படுக்கவைக்கிறார், மூடுகிறார், இரண்டு கையாலும் ஏந்தி மச்சானிடம் கொடுக்கிறார். கை காலியானதும் அது தானாகப் போனைத் தேடிப் போகிறது. அடுத்த வருஷத்து வில்கள் வந்துவிட்டனவாம். படமாவது பார்க்க வேண்டாமா?

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் வில் இல்லை, எனக்குத் தெரியும். நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று போன மாதம் வாங்கிய காலணி இருக்கிறது. எழுத வரவில்லை என்று வாங்கிய பேனா இருக்கிறது. நாலு பாட்டோடு நின்றுபோன கிதாருக்குப் புது உறைகூட வந்திருக்கிறது. அதெல்லாம் வேறு விஷயம், இல்லையா? வேறேதான். இந்தாருங்கள், இந்தச் சித்திரத்துக்கும் மெழுகு தேய்த்துத் துடைத்துவிட்டேன். கையை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள். எதையும் மாற்ற வேண்டாம்.

உங்கள் கைக்குச் சரியாக இருக்கும்.